காசிமேட்டு விடியற்காலைக்கு எந்தக் கேமரா?

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஆயா (பாட்டி) காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் வைத்து விற்கிறார். அப்பாவுக்கு விசைப்படகில் வேலை. இந்த ஒரு வருடத்துக்குள் இருவரையும் நன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆசை. நண்பரிடம் இரவல் வாங்கிய டிஎஸ்எல்ஆர் என்ற பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சின்னதாக, கனமில்லாத ஒன்று வேண்டும். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கடையில் 40 மடங்கு ஜூம் உள்ள ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம் தம்பி. அந்த 40 மடங்கு ஜூம், பட்டப்பகலில் தூரத்துக் கோபுரத்தின் உச்சியைப் பிடிப்பதற்கு நல்லது. உங்கள் ஆயாவின் வேலை நேரம் பகல் அல்லவே. ஏலம் சூடு பிடிப்பது விடிவதற்கு முன்னால். அப்போது வெளிச்சம் என்று இருப்பது தலைக்கு மேல் தொங்கும் விளக்குகளும், ஈரத்தரையில் அவை பட்டுத் திரும்பும் பளபளப்பும்தான். எத்தனை கிராம், எத்தனை மெகாபிக்சல் என்று விசாரிப்பதற்கு முன், எந்த நேரத்தில் எடுக்கப் போகிறேன், எவ்வளவு பக்கத்தில் நின்று எடுக்கப் போகிறேன் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் கடையில் அடுக்கியிருக்கும் கேமராக்களில் முக்கால்வாசி தாமாகவே கழன்றுவிடும்.

கணக்கோடு காட்டுகிறேன். கேனான் எஸ்எக்ஸ்740 என்ற கேமராவின் எடை 299 கிராம். உங்களுக்குக் காட்டியது இந்த வகைதான். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 என்று 2014-இல் வந்த கேமராவின் எடை 290 கிராம். தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு. முதலாவதில் ஒளி விழும் சென்சார் ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இரண்டாவதில் 13.2-க்கு 8.8. பரப்பில் நான்கு மடங்கு. (இதை 'ஓர் அங்குல' சென்சார் என்று எழுதியிருப்பார்கள். அளந்து பார்த்தால் மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர்தான் வரும். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் அளவை வைத்துச் சொல்லிய பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏமாற வேண்டாம்.)

அடுத்தது லென்ஸ். எஃப் என்று போட்டு ஓர் எண் எழுதியிருக்கும். எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கிறது என்று பொருள். முதல் கேமரா ஜூம் செய்யாத நிலையில் எஃப் 3.3. இரண்டாவது எஃப் 1.8. சென்சாரையும் லென்ஸையும் சேர்த்துப் பெருக்கினால், ஒரே இடத்தில் ஒரே நொடிப் பின்னத்தில் இரண்டாவது கேமரா ஏறக்குறைய 14 மடங்கு ஒளியை வாங்கிக்கொள்கிறது. அதாவது, இது நொடியில் நூறில் ஒரு பங்கில் எடுக்கும் படத்தை, அதே தரத்தில் எடுக்க முதல் கேமராவுக்கு நொடியில் ஏழில் ஒரு பங்கு தேவைப்படும். ஏழில் ஒரு பங்கு நேரத்தில் சங்கரா மீனை அள்ளிக் கூடையில் போடும் கை, கையாக இருக்காது, புகையாக இருக்கும். 40 மடங்கு ஜூமை முழுதாக நீட்டினால் அந்த லென்ஸ் எஃப் 6.9 ஆகிவிடுகிறது. விடியற்காலையில் அது மூடிய கண்ணுக்குச் சமம்.

'கைப்பேசியிலேயே இரவில் பளிச்சென்று வருகிறதே' என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குகிறது. நின்றுகொண்டிருக்கும் படகு, பூட்டிய கடை, விளக்கு வரிசை இவற்றுக்கெல்லாம் அது மிக நன்றாக வேலை செய்யும். கை அசைந்தால், தலை திரும்பினால் அங்கேதான் குழம்பும். எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெரும்பாலான கைப்பேசிகள் முகத்தை வழவழப்பாக்கிவிடுகின்றன, நிறத்தையும் ஒரு படி வெளுக்க வைக்கின்றன. நாற்பது வருட வெயிலும் உப்புக்காற்றும் ஆயாவின் நெற்றியில் எழுதிய கோடுகளைத் துடைத்துவிட்டு எடுக்கிற படம் எதற்கு? அந்தக் கோடுகளுக்காகத்தானே நீங்கள் கேமரா வாங்கவே நினைத்தீர்கள். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: படத்தைக் கைப்பேசியிலேயே பார்த்து, கைப்பேசியிலேயே அனுப்பி, அதோடு விட்டுவிடுவதாக இருந்தால் நாற்பதாயிரத்தை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப்போட்டுச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் மேலே படியுங்கள்.

பெரிய ஜூம் வேண்டாம் என்பதற்கு வெளிச்சம் மட்டும் காரணம் அல்ல. வடசென்னையை வெளியிலிருந்து வந்து எடுத்த படங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். தெரு முனையில் நின்று, நீளமான லென்ஸை நீட்டி, தனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் முகத்தைத் திருடிக்கொண்டு போன படங்கள் அவற்றில் நிறைய. பார்த்தாலே தெரிந்துவிடும், படத்தில் இருப்பவருக்கும் எடுத்தவருக்கும் நடுவே ஒரு வார்த்தை நடந்திருக்காது. நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை. ஆயாவின் கூடைக்கு எதிரே மீன் வாங்க வந்தவர்போல் குந்தி உட்கார்ந்து எடுக்கலாம். பேசுகிற தூரத்தில் இருந்து எடுக்க லென்ஸின் ஜூம் 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை போதும். 24 என்றால் கூடையும் தராசும் பின்னால் நிற்கும் கூட்டமும் ஒன்றாக விழும். 70 என்றால் முகமும் தோளும். பக்கத்தில் போய் 24-இல் முகத்தை மட்டும் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். அதற்கு மட்டும் ஓர் அடி பின்வாங்குங்கள்.

ஆகவே என் பதில்: அந்த ஆர்எக்ஸ்100 மார்க் 3, பழையதாக. ஓர் அங்குல சென்சார் உள்ளவற்றைப் புதிதாக வாங்க உங்கள் தொகை போதாது, அதனால் கைமாறியதைத்தான் தேட வேண்டும். 24 முதல் 70 வரை ஜூம், எஃப் 1.8-இல் தொடங்கி 2.8-க்கு மேல் போகாது. எஃப் 1.8 கிடைப்பது முழு அகலத்தில் மட்டும்தான். கொஞ்சம் ஜூம் செய்தாலே 2.8-ஐ நோக்கி ஏறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அகலத்தில் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். மூலையில் ஒரு பொத்தானைத் தள்ளினால் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வ்யூஃபைண்டர் மேலே எழும். பத்து மணி வெயிலில் பின்திரையில் எதுவும் தெரியாமல் தவிக்கும்போது இதன் அருமை புரியும். 20 மெகாபிக்சல் படம் 12-க்கு 18 அங்குல அச்சுக்குத் தாராளமாகக் காணும், அதற்கு மேல் மெகாபிக்சலைத் துரத்த வேண்டாம்.

அது கிடைக்காவிட்டால் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 பாருங்கள். 319 கிராம், அதே அளவு சென்சார், அதே எஃப் 1.8 முதல் 2.8, ஆனால் ஜூம் 100 மில்லிமீட்டர் வரை போகும். கைக்கு நல்ல பிடிமானம். வ்யூஃபைண்டர் கிடையாது. பணம் இன்னும் இடித்தால் 2012-இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100. 240 கிராம்தான். ஆனால் அதில் ஜூமை முழுதாக நீட்டினால் எஃப் 4.9, ஒளி ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விடியற்காலையில் ஜூமைத் தொடவே தொடாத கட்டுப்பாடு உங்களுக்கு இருந்தால் அதுவும் நல்ல கேமராதான்.

லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா வாங்கு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சோனி ஏ6000 உடம்பு மட்டும் 344 கிராம், அதோடு வரும் லென்ஸ் 116 கிராம், 460 ஆகிவிட்டது. சென்சார் ஓர் அங்குலத்தைவிட மூன்று மடங்கு பெரியது என்பது உண்மை. ஆனால் கூடவரும் லென்ஸ் எஃப் 3.5-இல்தான் தொடங்குகிறது. பெரிய சென்சார் தந்த லாபத்தை அந்த லென்ஸ் முழுதாகத் தின்றுவிடுகிறது. நல்ல லென்ஸ் தனியாக வாங்கினால் பணமும் போகும், பையும் கனக்கும். காசிமேட்டுக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிக்கோ ஜிஆர் 3 பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சின்னக் கேமரா என்றாலே தெருப்படம் எடுப்பவர்கள் அதன் பெயரைச் சொல்வார்கள். 257 கிராமில் ஏ6000 அளவுக்குப் பெரிய சென்சார், ஜூமே இல்லாத 28 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸ். படத்தின் துல்லியம் அருமை. உங்கள் தொகைக்குள் வராது, ஒரு பேட்டரியில் சுமார் 200 படங்கள்தான், தூசிக்கு அடைப்பும் கிடையாது. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

2000-களில் வந்த பழைய குட்டி டிஜிட்டல் கேமராக்களை இப்போது பிள்ளைகள் ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். பகல் படத்தில் அவற்றின் நிறம் அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருட்டில் ஒன்றும் வராது. சிலவற்றுக்கு எக்ஸ்டி என்ற பழைய மெமரி கார்டு வேண்டும், அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

பழையதை வாங்கப் பாரிமுனை, ரிச்சி தெரு என்று அலைவீர்கள். எங்கே வாங்கினாலும் உங்கள் மெமரி கார்டையும், விளக்கு எரியும் கைப்பேசியையும் கொண்டுபோங்கள். கேமராவை இயக்கி, ஜூமை உள்ளும் வெளியும் பத்துமுறை ஓட்டுங்கள். காதருகே வைத்துக் கேளுங்கள். ஒரே சீரான ரீங்காரம் வர வேண்டும். நறநறவென்றாலோ நடுவில் தயங்கினாலோ கீழே வைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு கைப்பேசி விளக்கை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போலக் கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து எஃப் 11-க்கு மாற்றி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தால் சென்சார்மேல் தூசி புகுந்திருக்கிறது. இந்த வகைக் கேமராவில் அதைத் துடைக்க உடம்பையே பிரிக்க வேண்டும். பேட்டரியைக் கையில் எடுத்து மேசைமேல் தட்டையாக வைத்துச் சுழற்றுங்கள். பம்பரம்போல் சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது. கடைசியாக மெனுவில் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஜப்பான் சந்தைக்கென்று செய்த சோனி கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், ஆங்கிலத்துக்கு மாற்ற முடியாது. பார்ப்பதற்குப் புத்தம் புதிதாக இருப்பதால் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, ஒவ்வொரு மெனுவையும் குருட்டாம்போக்கில் தட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இனி உப்பு. நம் ஊரில் கேமராவைக் கொல்வது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆடி மாதம் எண்ணூர்க் கடற்கரைச் சாலையில், அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கற்கள்மேல் நின்று அரைமணி நேரம் படம் எடுத்தேன். அலை என்மேல் அடிக்கவில்லை, சாரல் மட்டும்தான். வீட்டுக்கு வந்து துணியால் துடைத்து வைத்துவிட்டேன். நான்காம் நாள் கேமராவை இயக்கினால் லென்ஸ் பாதி நீண்டு அப்படியே நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் என் கண்முன்னால் பிரித்து, லென்ஸ் குழலின் உள்வளையத்தை வெள்ளைத்தாளில் வைத்தார். விளிம்பு முழுக்க மாவு பூத்ததுபோல் உப்பு. பற்சக்கரத்தில் இரண்டே இரண்டு மணல். நகக்கண்ணில் எடுத்துக் காட்டினார். நீண்டு சுருங்கும் லென்ஸ் துருத்தி மாதிரி. ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றில் இருக்கும் உப்பும் கூடவே போகிறது.

அதனால் ஏலக் கூடம் முடிந்து படகுத்துறைப் பக்கம் போகும்போது கேமராவை அணைத்துப் பையில் போடுங்கள். எடுக்கும் நேரத்தில் மட்டும் லென்ஸ் வெளியே வந்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் சற்றே ஈரமான துணியால் முதலில் துடைத்து உப்பைக் கரைத்து எடுங்கள், பிறகு உலர்ந்த துணி. உலர்ந்த துணியில் தொடங்கினால் உப்பையும் மணலையும் கொண்டு கண்ணாடியைத் தேய்ப்பதாகிவிடும். தோல் உறையில் வைத்துப் பீரோவில் பூட்ட வேண்டாம்; தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நீல நிற மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து ஈரத்தைப் போக்கி மறுபடி போடலாம். விம்கோ நகர் மெட்ரோவில் குளிரில் வந்துவிட்டு வெளியே இறங்கியதும் கேமராவை எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பத்து நிமிடம் பையின் ஜிப்பைத் திறக்காமல் இருங்கள், தானாகச் சரியாகிவிடும்.

அப்பாவோடு படகில் ஏறிக் கடலுக்குள் போய் எடுக்க வேண்டும் என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதற்கு ஒலிம்பஸ் டிஜி-6 வகை. 253 கிராம், 15 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் புகாது, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்தது. ஜூம் முழுக்க உடம்புக்குள்ளேயே நகர்வதால் லென்ஸ் வெளியே வராது. சென்சார் சிறியதுதான், 12 மெகாபிக்சல்தான், ஆனால் எஃப் 2-இல் தொடங்குகிறது. லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளையும் எடுக்கும்; வஞ்சிரத்தின் கண்ணை அதில் எடுத்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள். பேட்டரி மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும், மூடுவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆயாவுக்கான கேமராவையே வாங்குங்கள். அப்பா கரைக்கு வந்து வலை பிரிக்கும்போது அதே கேமராவில் எடுத்துக்கொள்ளலாம்.

விடியற்காலையில் எப்படி எடுப்பது என்பதற்கும் சுருக்கமாக. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை (படம் பதியும் நேரத்தை) கண்டபடி வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். அந்த வேகத்தை நாமே வைக்கும் எஸ் என்ற நிலைக்குத் திருப்பி, நொடியில் நூறில் ஒன்று என்று வைத்துவிட்டால் பட்டை விழாது, பேசிக்கொண்டிருக்கும் முகமும் அசையாமல் வரும். ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் அளவை) தானியங்கியில் விட்டு 3200-ஐ எல்லையாக வையுங்கள், மிகவும் இருட்டாக இருந்தால் 6400. படத்தை ரா (RAW) முறையில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாகச் சேமியுங்கள். மீன் செதிலின் வெள்ளி மினுக்கம் வெளுத்துப்போகாமல் இருக்க கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் படி குறைத்து எடுத்து, பிறகு கணினியில் நிழலைத் தூக்கிக்கொள்ளலாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வேலை செய்பவர்களின் கண்ணைக் கூசவைக்கும், அந்த இடத்தின் வெளிச்சத்தையும் அழித்துவிடும்.

விளக்கு நேராக உச்சிமேல் இருந்தால் ஆயாவின் கண்குழி இருண்டுபோகும். அவர் பக்கத்தில் இருக்கும் தெர்மோகோல் ஐஸ் பெட்டியின் வெள்ளை மூடியைக் கவனியுங்கள். அவர் பெட்டியைத் திறந்து மீனை எடுக்கக் குனியும்போது, அந்த மூடியிலிருந்தும் உடைத்த ஐஸிலிருந்தும் வெளிச்சம் கீழிருந்து மேலே எழும்பி முகத்தில் விழும். இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். அதற்காகக் காத்திருங்கள்.

பக்கத்துக் கூடைக்காரப் பெண்களை எடுப்பதற்கு முன் கேளுங்கள். பேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவர்களுடைய அன்றைய வருமானம் தீர்மானமாகிறது. கேட்டு எடுத்த படத்தை அடுத்த வாரம் அச்சுப்போட்டுக் கையில் கொடுங்கள்.

வாங்கும் நேரத்தையும் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாவும் கரையில் இருப்பார். பலகை மாற்றுவது, வண்ணம் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் பகல் வெளிச்சத்தில் நடக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் கேமராவை வாங்கிவிட்டால், அந்த இரண்டு மாதமும் பொத்தான்கள் விரலுக்குப் பழகும், கேமராவில் ஏதாவது குறை இருந்தாலும் தெரிந்துவிடும். ஆயாவுக்கும் அந்தச் சின்னப் பெட்டி கண்ணுக்குப் பழகிப்போகும். ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும்போது ஏலக் கூடம் நிரம்பி வழியும். அன்று விடியற்காலை மூன்று மணிக்கே போய், ஆயாவின் கூடைக்கு எதிரே இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.